கிளைக்கு ஒரு தமிழர்

எங்கள் வேனில் சம்பளம் பேசாத நாளே கிடையாது. குண்டசாலையிலிருந்து கண்டிக்குப் போய்வரும் ஒபீஸ் வேன் அது. ஏறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காசுக் கம்பனிக்காரர்கள்: அரசாங்க வங்கி, தனியார் வங்கி, காப்புறுதி, நிதிக் கம்பனி. காலையில் பவுடர் பூசி, சாப்பாட்டுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் பேச்சு தொடங்கிவிடும். யாருக்கு போனஸ் வந்தது, வீட்டுக் கடனுக்கு எந்த வங்கி எவ்வளவு வட்டி பிடிக்கிறது, எங்கே வருடத்துக்கு ஒரு முறை சேலை கொடுக்கிறார்கள் என்று எல்லாம் வரும். ஊரில் மற்றவர்கள் சினிமா பேசுகிற மாதிரி நாங்கள் சம்பளம் பேசினோம்.

இதைத் தொடக்கி வைத்தவர் அரசாங்க வங்கி அக்கா. குண்டசாலைச் சிங்களப் பெண், தொழிற்சங்கக்காரி, மெதுவாகப் பேசத் தெரியாதவர். அவருடைய வங்கியில் எந்தத் தரத்துக்கு என்ன சம்பளம் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அதனால் மற்றவர்கள் மறைத்தால் அவருக்குப் பிடிக்காது. "மறைச்சா நட்டம் உனக்குத்தான், முதலாளிக்கு இல்லை" என்று சிங்களத்தில் சத்தம் போடுவார். பக்கத்தில் காப்புறுதிக் கம்பனி முஸ்லிம் அண்ணன், நானா என்று கூப்பிடுவோம். அவருக்கு மாதச் சம்பளம் கொஞ்சம், கொமிஷன்தான் அதிகம். "மழை பெஞ்சா பயிரு, இல்லாட்டி பட்டினி, அதான் நம்ம தொழில்" என்று சொல்லிக்கொண்டே தன் கணக்கை ஒப்புவித்துவிடுவார்.

யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் சீட்டுகள் அந்தஸ்துப்படிதான் அமைந்திருந்தன. டிரைவருக்குப் பக்கத்துச் சீட் தனியார் வங்கி அண்ணனுக்கு. யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் கல்யாணம் கட்டிக் குண்டசாலையிலேயே தங்கிவிட்டவர். வேனில் டை கட்டியவர் அவர் ஒருவர்தான். நடுவில் அக்காவும் நானாவும். கடைசியில், சில்லுக்கு மேலே, குலுக்கல் எல்லாம் வந்து சேருகிற இடத்தில் நான். நிதிக் கம்பனி, அதிலும் அடகுக் கவுன்டர், அதிலும் கெஷுவல், நிரந்தரமில்லாத ஆள். அதற்கும் பின்னால் சீட் இருந்திருந்தால் அங்கே போயிருப்பேன்.

அண்ணனிடம் மட்டும் சம்பளம் கறக்க முடியாது. அக்கா எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார். "அது பாங்கின்ர ரகசியம்" என்று சிரித்துவிட்டு ஜன்னல் வழியாக மகாவலி ஆற்றைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய தொகை போலிருக்கிறது என்று நாங்கள் முடிவு கட்டிக்கொண்டோம்.

நான் புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, வேலைக்காகக் குண்டசாலையில் போர்டிங் அறையில் தங்கியிருந்தவள். தமிழர்களுக்கு எதிரான கலவரத்தின்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். தேயிலைக்குள் படுத்துக் கிடந்ததும், கீழே ரோட்டில் கடைகள் எரிந்த புகை மேலே வந்ததும் நினைவிருக்கிறது. அந்த வருடங்களில் கண்டிக் கம்பனிகளில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தமிழர்கள் பலர் ஊரை விட்டுப் போனார்கள். நான் பிறகு உட்கார்ந்த அடகுக் கவுன்டரிலும் ஒரு தமிழர்தான் இருந்தாராம். அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். தோட்டத்து ஆட்கள் காதுத் தோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கும்போது அவர்களோடு பேச ஆள் இல்லாமல் போனது. அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. யாரோ பட்ட கஷ்டத்தில் எனக்கு உட்கார ஒரு கதிரை விழுந்தது என்பதை நான் மறந்ததில்லை.

வேலை கிடைத்தது, நிரந்தரம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஆறு மாதத்துக்கு நீட்டுவார்கள். நீட்டும்போது மனேஜர் ஏதோ தன் பொக்கெட்டிலிருந்து எடுத்துத் தருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு "தேங்க் யூ சேர்" என்பேன்.

பல்லைக் கடித்ததற்குக் காரணம் என் தங்கச்சி. அம்மா கூடையோடு மலையில் சறுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். வீட்டிலிருந்து இன்னொருத்தர் கொழுந்து பறிக்கப் பெயர் பதிய வேண்டும் என்று தோட்டத்தில் நெருக்கினார்கள். செக்றோலில் பெயர் விழுவது என்று நாங்கள் சொல்வோம். ஒரு முறை விழுந்தால் பிறகு பள்ளிக்கூடம் என்ற பேச்சே கிடையாது. தங்கச்சி சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், என்னைவிடக் கெட்டிக்காரி. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "சித்திரைக்குள்ள ஒனக்கு நெரந்தரமாச்சுன்னா இவ படிக்கட்டும். இல்லாட்டி நான் என்னா செய்ய?"

அப்போதுதான் எங்கள் கவுன்டருக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்தாள். சிங்களப் பிள்ளை, நல்ல பிள்ளை. பொன்னை உரைக்கல்லில் உரைக்கவும் நிறுத்துப் பார்க்கவும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் கம்பனியில் சம்பளத்தை வெளியே சொல்லக் கூடாது. பாவம், அவளுக்கு அது தெரியாது. முதல் மாதச் சம்பளத்தில் என்ன வாங்கலாம் என்று என்னிடமே யோசனை கேட்டாள். தொகையைக் கேட்டதும் தலையில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. என்னுடையதைவிடக் கூடுதல். அவள் வந்த அன்றே நிரந்தரம்.

அன்று பின்னேரம் வேனில் நான் வாயைத் திறக்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் வேன் டிரைவருக்கே தெரிந்துவிடும், ஏதோ நடந்திருக்கிறது என்று. அக்கா விடவில்லை. பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். கேட்டு முடித்ததும் எனக்குப் பதிலாக அவர் கொதித்தார். என்னைச் சிங்களத்தில் தங்கச்சி என்று, நங்கி என்றுதான் கூப்பிடுவார். "நாளைக்கே போய்க் கேள், நங்கி! கேட்டால் என்ன, கழுத்தையா வெட்டுவார்கள்?"

கேட்டேன். மனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிரந்தர ஆட்களின் கையில் பெட்டகச் சாவி கொடுக்க வேண்டும். இந்த யுத்த காலத்தில் சாவியோடு உன்னைச் செக்பொயின்ட்டில் பிடித்தால் உனக்குத்தானே கஷ்டம்? உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்" என்றார். என் நன்மையில் அவ்வளவு அக்கறையுள்ள மனிதரை நான் அதற்குப் பிறகு சந்திக்கவில்லை.

மறுநாள் வேனில் இதைச் சொன்னபோது முன்சீட்டிலிருந்து அண்ணன் திரும்பினார். வழக்கமாகத் திரும்ப மாட்டார். "எங்கட பிராஞ்சில ஒரு கிளாக் இடம் காலியாகுது, பிள்ளை. அப்ளிக்கேஷன் ஒண்டு எழுதித் தா. நான் குடுக்கிறன்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். சில நாட்களாகப் பதில் வரவில்லை. கேட்கவும் எனக்குக் கூச்சம். கடைசியில் அக்காதான் கேட்டார். அண்ணன் டையைத் தடவிக்கொண்டே சொன்னார், "மனேஜர் நல்ல மனுசன்தான். ஆனால், எங்களிட்ட ஏற்கெனவே ஒரு தமிழாள் இருக்குத்தானே எண்டுறார். கிளைக்கு ஒராள் காணுமாம், ரெண்டாவது ஆள் தேவையில்லையாம்."

சம்பளம் பேசுகிற வேன் அன்று முழுக்க ஆள் கணக்குப் பேசியது. அக்கா சொன்னார், "எங்களிடம் பரீட்சை வைத்துத்தான் எடுக்கிறார்கள். ஆனாலும் வந்து பார், தமிழ் ஆட்கள் எல்லாரும் மொழிபெயர்ப்பு மேசையில். கடன் மேசையில் ஒருத்தரும் இல்லை." நானா கையைத் தட்டிச் சிரித்தார். "நம்ம கதைய கேளுங்களே. முஸ்லிம் ஆளுகளுக்கு பொலிசி விக்க என்னைய வச்சீக்கி. நான் மௌத்தாப் போனாத்தான் இன்னொரு நானாவுக்கு வேல. அதுவரைக்கும் அவன் பாவம், பாத்துக்கிட்டு நிக்கணும்." அலுமாரியில் அழகுக்கு ஒவ்வொரு தினுசிலும் ஒரு கோப்பை வைக்கிற மாதிரி எங்களை வைத்திருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. சித்திரைக்கு அதிக நாள் இல்லை.

அந்த நாட்களில் ஒரு காலை தென்னக்கும்புரப் பாலத்தடியில் கெடுபிடி. எங்கேயோ குண்டு வெடித்திருந்தது. அடையாள அட்டையைப் பார்த்து அண்ணனையும் என்னையும் மட்டும் இறக்கி ஓரமாக நிற்க வைத்தார்கள். மற்றவர்கள் போகலாம் என்றான் சிப்பாய். வேன் போகவில்லை. அக்கா இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். அவருடைய வங்கியில் நேரம் கடந்தால் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டு விடுப்பை வெட்டுவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். "எனக்குக் கால் மரத்துப் போச்சு, அதான் இறங்கினேன்" என்றார் சிப்பாயிடம். நானாவும் பின்னால் இறங்கினார். வேனே வெறுமையாகி வெயிலில் நின்றது. எங்களை விட்ட பிறகுதான் எல்லோரும் ஏறினார்கள். அன்று எத்தனை பேருக்குச் சிவப்புக் கோடு விழுந்ததோ, யாரும் சொல்லவில்லை. கடவுளுக்கு நன்றி சொல்லும்போது இந்த வேனையும் சேர்த்துத்தான் இன்றைக்கும் சொல்கிறேன்.

பங்குனி பாதியில் எனக்கு நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. எப்படி வந்தது என்று அண்ணன் சொல்லவில்லை. "நல்லாச் செய்" என்றார், அவ்வளவுதான்.

அந்த மனேஜர் உண்மையிலேயே நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தேநீர் கொண்டுவரச் சொன்னார். பிறப்புச் சான்றிதழைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "உங்கள் வேன் நண்பர் எனக்குப் பாடம் எடுத்துவிட்டார். நீங்கள் இரண்டு பேரும் ஒரே ஆட்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவர் இலங்கைத் தமிழர், நீங்கள் இந்தியத் தமிழர். குடிசன மதிப்பீட்டிலும் வேறு வேறாகத்தான் எண்ணுகிறார்களாம். பேச்சுகூட வேறாம். அப்படியென்றால் எங்களிடம் இன்னும் ஓர் இடம் இருக்கிறது" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்தியாவை நான் காலண்டரில்தான் பார்த்திருக்கிறேன். என் அப்பா பிறந்ததும் புசல்லாவையில், அவருடைய அப்பா மண்ணோடு கலந்ததும் புசல்லாவையில். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எங்கள் ஆட்களின் வாக்குரிமையைப் பறித்தார்கள். அந்தச் சொல்லை வைத்துத்தான் என் சித்தப்பாவை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். இப்போது அதே சொல் எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போடுகிறது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். என் சுபாவத்துக்கு அதுதான் சரி. ஆனால் தங்கச்சி கண்ணுக்குள் நின்றாள். தோட்டத்து ஆட்களோடு எனக்குப் பேசத் தெரியும், அவர்கள் என்னை நம்புவார்கள், அடகு வேலை நன்றாகவே தெரியும் என்று எனக்கு வந்த சிங்களத்தில் சொன்னேன். மற்றதற்குப் பதில் சொல்லவில்லை.

பின்னேரம் நான் வேனை விட்டு இறங்கியபோது அண்ணனும் இறங்கினார். அவருடைய இடம் இன்னும் தள்ளி.

"கோவமோ பிள்ளை?"

"நாங்க என்னா வேற சாதி மனுசங்களாண்ணே?"

"போய்ப் போய்க் கேட்டன். ஒரே ஆக்கள் எண்டு சொன்னால் கதவைச் சாத்துறார். அதுதான் வேற ஆக்கள் எண்டு சொன்னன். திறந்திட்டார். முதல் உள்ள வா. வந்தாப் பிறகு நாங்கள் ஆரெண்டு நாங்கள் பாப்பம்."

நான் "என்னா" என்று சொல்லும்போதெல்லாம் கேலி செய்கிற மனிதர்தான் அவர். அந்தக் கேலியையே எனக்கு வேலை வாங்கித் தரும் வாதமாக ஆக்கிவிட்டார் என்று நினைத்தபோது, போர்டிங்குக்கு நடந்த வழியில் தனியாகச் சிரித்தேன். கோபம் மட்டும் முழுதாகப் போகவில்லை.

சித்திரைக்கு முந்திய வாரம் நியமனம் வந்தது. அப்பாவிடம் சொன்னபோது அவர் தங்கச்சியின் புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டினார்.

வங்கியில் முதல் நாள் உள்ளே போய் அண்ணனைத் தேடினேன். கண்ணாடி அறைகளில் தேடினேன். அங்கே எல்லாம் வேறு ஆட்கள். கவுன்டருக்குப் பின்னால், கிளாக்மார் வரிசையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த குஷன் போட்ட ஒரு பழைய கதிரையில் அவர் இருந்தார். பக்கத்துக் கதிரை எனக்கு. நான் உட்காருவதற்குள் கண்ணாடி அறையிலிருந்து மீசை சரியாக முளைக்காத ஓர் உத்தியோகத்தர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, செக் கட்டைக் கொண்டுவரச் சொன்னார். அண்ணன் எழுந்தார். போவதற்கு முன் என்னை ஒரு முறை பார்த்தார். "இருங்கோ மிஸ்" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கிளையில் வேலை செய்யும் ஒரு சிங்கள அக்கா மெதுவாகச் சொன்னார். அண்ணன் வேலை பழக்கியவர்கள் பலர் உத்தியோகத்தராகிவிட்டார்கள். பதவி உயர்வு நேர்முகத்துக்கு அவரும் போவார். சொந்த ஊர் எது, தம்பிமார் எங்கே இருக்கிறார்கள், கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்பார்கள். திரும்பி வந்து அதே கதிரையில் உட்காருவார். எனக்கும் அவருக்கும் ஒரே தரம். சில வருடாந்த உயர்வுகள்தான் வித்தியாசம்.

வேனில் ஒருவரும் அவர் என்ன பதவி என்று கேட்டு முன்சீட்டில் வைக்கவில்லை. டையைப் பார்த்து நாங்களாக வைத்தோம். அவர் இல்லை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். நாள் முழுக்கப் பெயர் சொல்லி ஏவப்படுகிற ஒரு மனிதருக்கு அந்தக் காலையும் பின்னேரமும் எவ்வளவு வேண்டியிருந்திருக்கும் என்று இப்போது விளங்குகிறது. என்னை அந்தக் கிளைக்குள் கொண்டுவந்தால் எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் போய்ப் போய்க் கேட்டிருக்கிறார். எனக்கு யார் யாரோ நன்மை செய்திருக்கிறார்கள். தன் மரியாதையையே விலையாகக் கொடுத்துச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

முதல் சம்பள நாள் வந்தது. வேன் கிளம்பியதும் அக்கா கையைத் தேய்த்துக்கொண்டு திரும்பினார். "இனி மறைக்க முடியாது! நங்கி, சொல்லு பார்ப்போம், இந்த டை கட்டின பேங்க் என்ன கொடுக்கிறது?" எல்லோரும் திரும்பினார்கள். அண்ணன் மட்டும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து அசையவில்லை.

"சொல்ல மாட்டேன் அக்கே. அது பேங்க் ரகசியம்" என்றேன்.

"ஐயோ, இவளும் அந்தக் கட்சி!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அவ்வளோ குடுக்கிறாங்க போல, கண் பட்டுடும்னு பயம்" என்றார் நானா. அண்ணன் வீடு போய்ச் சேரும்வரை திரும்பவில்லை.

தங்கச்சியின் பெயர் செக்றோலில் விழவில்லை. பிறகு அவள் தெல்தோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ரீச்சரானாள்.

வருடங்கள் ஓடியும் யுத்தம் முடிகிற மாதிரித் தெரியவில்லை. வங்கி தோட்டங்களில் கணக்குத் திறக்கத் தொடங்கியது. அதற்கு ஓர் உத்தியோகத்தர் வேண்டும் என்றார்கள். அண்ணனும் விண்ணப்பித்தார், அவர் வற்புறுத்தி நானும் விண்ணப்பித்தேன். என்னிடம் ஊரைக் கேட்டார்கள். புசல்லாவை என்றதும், "ஆ, தோட்டப் பக்கம், பிரச்சினையில்லை" என்று ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள். இந்தியத் தமிழர் என்ற அந்தச் சொல் அங்கேயும் எனக்கு முன்னால் போய் எனக்காக உட்கார்ந்திருந்தது.

என்னைத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று முடிவு வந்த அன்று அண்ணனிடம் போய், எனக்கு இது வேண்டாம், வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் என்னை ஏசினார்.

"விசரே உனக்கு? என்ர இடத்தை நீ எடுக்கேல்லை. எனக்கு அங்க இடம் இருந்தாத்தானே எடுக்கிறதுக்கு. மரியாதையாப் போய் இரு."

கண்ணாடி அறைக்குள் போனேன். முதல் நாள் காலை, பத்து மணிக் கூட்டம் கவுன்டரில் நெருக்கிக்கொண்டு நின்ற நேரம், கதவைத் தட்டிவிட்டு அண்ணன் வந்தார். கையில் என் கையெழுத்துக்கு வந்த வவுச்சர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடி நீட்டினார். நான் சட்டென்று எழுந்துவிட்டேன். அவர் வெளியே ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இருந்துகொண்டு போடு, பிள்ளை. சனம் பாக்குது."

உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டேன். அவர் நின்றுகொண்டிருந்தார். முடிந்ததும் எல்லாவற்றையும் அடுக்கி எடுத்து, வெளியே கேட்கிற குரலில் "தாங்க் யூ மிஸ்" என்று சொல்லிவிட்டுத் தன் கதிரைக்குப் போனார்.